சுற்றுலாப் பணம் யார் கையில் தங்குகிறது?

சுற்றுலா வளர்ச்சி என்று பேச்செடுத்தாலே பயணிகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். போன வருடத்தைவிட இத்தனை லட்சம் பேர் அதிகம், ஆகவே அந்த வட்டாரம் முன்னேறிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவே இல்லை. அவர்கள் செலவழித்ததில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்கியது?

அறையை பதிவு செய்யும்போதே இணையதளம் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. ஹோட்டல் வெளிநாட்டுக் குழுமத்துடையது, சமையலறைக்கு வரும் பழமும் இறைச்சியும் இறக்குமதி, மேலாளரும் வெளியாள் என்றால் உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது துப்புரவு வேலையும் காவல் வேலையும்தான். அதுவும் சீசன் முடியும்வரை. பொருளாதாரத்தில் இதைக் கசிவு என்பார்கள்.

மாலத்தீவைப் பாருங்கள். அங்கே முதல் ரிசார்ட் 1972-இல் திறந்தது. அதன்பின் நெடுங்காலம் சுற்றுலா பெரும்பாலும் ஆள் வசிக்காத தீவுகளிலேயே நடந்தது. பக்கத்துத் தீவில் பணம் புரளும், மீனவக் குடும்பமோ தன் வீட்டில் ஒரு பயணியைத் தங்கவைக்க முடியாது. 2009-க்குப் பிறகு விதிகள் தளர்ந்து, மக்கள் வசிக்கும் தீவுகளிலும் விடுதிகள் வந்தன. மாஃபுஷி போன்ற தீவுகளில் அறை, சாப்பாடு, படகு என்று சாதாரணக் குடும்பங்களுக்கும் தொழில் கிடைத்தது. கடல் அதே கடல்தான், விதிதான் மாறியது. ருவாண்டாவில் 2005 முதல் தேசியப் பூங்கா வருவாயில் ஒரு பங்கு சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது. பயணிகள் பார்க்க வரும் கொரில்லா உயிரோடு இருப்பதில் அந்த மக்களுக்கும் லாபம் இருக்கிறது.

சரி, பணம் தங்கினால் மட்டும் போதுமா? வாடகையையும் பார்க்க வேண்டும். வெனிஸின் பழைய நகரில் 1950-களில் 1,70,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போனது. சுற்றுலா மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீடுகள் பயணிகளுக்கான அறைகளாக மாறும்போது ஆசிரியரும் செவிலியரும் எங்கே குடியிருப்பார்கள்? வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் உரிமங்களை 2028-க்குள் முடித்துவிடப்போவதாக பார்சிலோனா அறிவித்ததன் பின்னால் இந்தக் கோபம்தான் இருக்கிறது.

அப்புறம், சுற்றுலாவை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. 2019-இல் சுமார் 146 கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகளின் வருகை 2020-இல் ஏறக்குறைய 40 கோடியாகச் சரிந்தது. வேறு தொழில் இல்லாத ஊர்கள் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே ஒரு ஹோட்டலுக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுக்கும்போதே, மீன், காய்கறி, சலவை, வாகனம் இவற்றில் எவ்வளவு உள்ளூரில் வாங்குவீர்கள் என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எவ்வளவு வாங்கினார்கள் என்பதை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கவும் வேண்டும்.