அது ஸ்பிட்ஃபயர் இல்லை, அவன் பைலட்டும் இல்லை

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய நாளில் இறந்த ஒரு பிரிட்டிஷ் வீரனுக்கு ஏப்ரல் 5 அஞ்சலி என்று சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் போஸ்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வானில் சீறிப் பாய்ந்த விமானப்படை விமானி." பின்னணியில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம். பெயர் மட்டும் சரி. அதற்கு நன்றி.

அவன் விமானப்படை இல்லை, ராயல் நேவி, அதாவது பிரிட்டிஷ் கடற்படை. கடற்படை விமானப் பிரிவு 1939 மே மாதமே கடற்படைத் தலைமையான அட்மிரால்டியின் கைக்குத் திரும்பிவிட்டது. அவன் பைலட்டும் இல்லை, டி.ஏ.ஜி., அதாவது டெலிகிராஃபிஸ்ட் ஏர் கன்னர். அவன் பறந்த ஸ்வார்ட்ஃபிஷ் என்ற டார்பிடோ விமானத்தில் மூன்று திறந்த இருக்கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் பைலட், நடுவில் வழி கணிக்கும் அப்சர்வர், கடைசியில் இவன். வயர்லெஸ்ஸும் இவன் பொறுப்பு, பின்பக்கத் துப்பாக்கியும் இவன் பொறுப்பு. அந்த வேலையைச் சொல்லுங்கள், போதும்.

சீறிப் பாய்ந்தானாம்! 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. 788 ஸ்குவாட்ரனின் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் கப்பலைத் தகர்க்கும் டார்பிடோவைக் கட்டிக்கொண்டு திருகோணமலை சீனக்குடாவிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானைக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு டார்பிடோ சுமார் 730 கிலோ. அந்த விமானத்தின் உச்ச வேகமே மணிக்கு 220 கிலோமீட்டர் சொச்சம்தான். எதிரே வந்த ஜப்பானிய ஸீரோ போர் விமானம் 530-ஐத் தொடும், 20 மி.மீ. பீரங்கி இரண்டு வைத்திருக்கும். ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்களும் போயின. அதைச் சண்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு, அஞ்சலிதானே?" என்பீர்கள். சரிபார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் குடும்பப் பெயரையும் தேதியையும் போட்டுத் தேடுங்கள். சேவை எண் எஃப்.ஏ.ஏ./எஃப்.எக்ஸ். என்று தொடங்கினால் கடற்படை விமானப் பிரிவு. பிரிட்டிஷ் போர்க்கப்பல் பெயருக்கு முன்னால் வரும் "எச்.எம்.எஸ்." என்று பார்த்ததும் கப்பல் மூழ்கியது என்று கதை கட்டாதீர்கள். எச்.எம்.எஸ். டேடலஸ் ஒரு விமானத்தளம், தரையில்தான் இருந்தது. படம் கிடைத்தால் கையைப் பாருங்கள்: கடற்படை பைலட்டுக்கு இறக்கைச் சின்னம் இடது கையின் பட்டைக்கு மேல், விமானப்படை பைலட்டுக்கு நெஞ்சில். இங்கிலாந்தில் கடற்படை விமானப் பிரிவுக்கென உள்ள லீ-ஆன்-சோலன்ட் நினைவுச்சின்னத்தில் "துயில்கிறான்" என்றும் எழுதாதீர்கள். கல்லறை தெரியாதவர்களின் பெயர்களுக்காக எழுப்பியது அது. அங்கே யாரும் துயிலவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு ஏன் கண்ணீர்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேளுங்கள், தப்பில்லை. குண்டு விழுந்தது நம் கரையில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான்கு நாள் கழித்து, 9-ஆம் தேதி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். விமானம் தாங்கிக் கப்பல், மேல்தளத்தில் ஒரு விமானம் இல்லை! அதன் 814 ஸ்குவாட்ரன் சீனக்குடாவில் கரையில் நின்றது. உதவிக்குக் கிளம்பிய ஃபுல்மார் போர் விமானங்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்களிலும் கப்பல் மாலுமியின் பெயர் போர்ட்ஸ்மத் போன்ற அவரவர் துறைமுகத்து நினைவுச்சின்னத்தில் இருக்கும், விமானப் பிரிவுக்காரன் பெயர் லீ-ஆன்-சோலன்டில். ஒரே கப்பல், ஒரே கடல். அவர்களே இவ்வளவு கவனமாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள், நமக்கு ஒரு வரியைச் சரியாக எழுத முடியவில்லை.

"உங்களுக்குப் பொறாமை" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

படத்தையாவது மாற்றுங்கள். அன்று கொழும்பைக் காக்க வானில் இருந்த போர் விமானங்கள் ஹரிக்கேன்களும் ஃபுல்மார்களும். ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட இல்லை.