ஜிடிபியில 8 வீதம் தானே எண்டு சொல்ற ஆக்களுக்கு

கொழும்பில இருந்துகொண்டு விவசாயத்தப் பற்றிக் கதைக்கிற கனபேர் ஒரே கணக்கோடதான் வருவினம். ஜிடிபியில, அதாவது நாட்டின்ர மொத்த உற்பத்தியில, விவசாயம் 8 வீதம் அளவுதான், ஆனா வேலை செய்யிற சனத்தில நாலில ஒரு பங்கு அதிலதான் கிடக்குது, அப்ப அது உருப்படாத தொழில், சனத்த அங்கயிருந்து எடுத்து கார்மென்ட்ஸுக்கும் ஐடிக்கும் விடோணும் எண்டு. வெள்ளவத்தையில ஒருத்தர் பிளேன்டீயும் குடிச்சுக்கொண்டு எனக்கு இதையே அரைமணித்தியாலம் படிப்பிச்சார். நாட்டுக் கணக்கா அது சரியா இருக்கலாம், மாவட்டக் கணக்கு வேற.

கிளிநொச்சிய எடுங்கோ. இரணைமடுக் குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு பாத்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் விதைக்கலாம் எண்டு கூட்டம் வச்சு முடிவெடுப்பினம். அந்த ஏக்கர் கணக்கு வயல்காரருக்கு மட்டும் இல்ல, உழவு மெசின் வச்சிருக்கிறவர், வெட்டு மெசின்காரர், மருந்துக்கடை, லொறிக்காரர், சாக்கு விக்கிறவர், நகை அடகு பிடிக்கிறவர், தவணையில மோட்டச்சைக்கிள் குடுக்கிறவர், டியூசன் நடத்திற மாஸ்டர் வரைக்கும் எல்லாற்ற வருமானமும் அதிலதான் நிக்குது. இவ்வளவு பேரில வயல் செய்யிறவர மட்டும் விவசாயம் எண்டு எழுதிப்போட்டு மிச்சப் பேர சேவைத்துறை எண்டு எழுதினா வீதம் குறையத்தானே செய்யும்! நெல்லு விழுந்தா சேவைத்துறையும் சேந்துதான் விழும், 2021ல இரசாயனப் பசளை இறக்குமதிய ஒரே இரவில நிப்பாட்டினோண்ண, அடுத்த பெரும்போகத்தில அத வடிவாப் பாத்தனாங்கள்.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் தெளிவு. 1970க்கும் 77க்கும் இடையில சிறிமா அரசாங்கம் இறக்குமதிய இறுக்கிப் பிடிச்ச நேரம், வலிகாமத்துச் செம்மண்ணில மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டவைக்கு நல்ல காசு. அந்தக் காசில கல்வீடு எழும்பினது, பிள்ளையள் படிச்சினம், இண்டைக்கு கொழும்பில டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் எண்டு இருக்கிற எங்கட ஆக்களில எத்தினை பேற்ற படிப்புக்குப் பின்னால அந்தத் தோட்டம் இருக்கு எண்டு அவையளுக்கே தெரியும். 1977ல ஜே.ஆர். ஜெயவர்த்தன வந்து இறக்குமதிக்குக் கதவத் திறந்தார், வெளி மிளகாய் வந்து இறங்கிச்சு, தோட்டக்காரர் அடி வாங்கினவை. பிறகு யுத்தம், ஏ9 றோட்டு பூட்டிறதும் திறக்கிறதும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

இப்ப என்ர பிரச்சினை எங்க எண்டா, ஊரில விளையுது, காசு ஊரில நிக்குதில்ல.

வன்னி நெல்லு அறுவடை நேரம் பச்சையாவே லொறியில ஏறித் தெற்குக்குப் போகுது, பிறகு அரிசியா, பேர் அடிச்ச பையில, கூடின விலையில வருகுது. காய வைக்க மேடை காணாது, களஞ்சியம் காணாது, கடன்காரர் வாசல்ல நிக்கிறார், அப்ப வந்த விலைக்குக் குடுக்காம என்ன செய்யிறது. பசளையும் கிருமிநாசினியும் வேண்டின காசு எப்பவோ வெளிய போட்டுது. மரக்கறி விலை தம்புள்ளை மொத்தச் சந்தையில தீருது. வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் இறக்குமதி வரி கூடுறதும் குறையிறதும் கொழும்பில ஒரு வர்த்தமானியில, அது அறுவடைக்கு முன்னம் வருமா பின்னம் வருமா எண்டு தோட்டக்காரருக்குத் தெரியாது. 2022 ஆகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்குப் போனது ஞாபகம் இருக்கா? கொழும்பில அது ஒரு நாள் செய்தி. கிணத்துக்கு மண்ணெண்ணெய் மோட்டர் வச்சு இறைக்கிறவனுக்கு அது ஒரு போகம் முழுக்க.

சிலர் சொல்லுவினம், யாழ்ப்பாணம் வெளிநாட்டுக் காசிலதானே ஓடுது, தோட்டம் ஆருக்கு வேணும் எண்டு. வெளிநாட்டுக் காசு வருகுது, இல்லையெண்டு சொல்லேல்ல. அது கோயில் கோபுரத்திலயும் மாபிள் போட்ட, ஆள் இல்லாத வீட்டிலயும் போய் நிக்குது. வெங்காயம் வித்த காசு அடுத்த நாளே களை பிடுங்கின பொம்பிளையளிட்டயும், அங்கயிருந்து பக்கத்துக் கடைக்கும் போகும். தொகை சின்னன்தான், ஆனா கனக்கக் கை மாறும்.

எல்லாத்திலயும் எனக்குக் கோபம் வாற விசயம் கழிவு. நீங்கள் சந்தைக்கு நூறு கிலோ கொண்டு போனா பத்துக் கிலோவக் கழிவு எண்டு கழிச்சுப்போட்டு தொண்ணூறுக்குத்தான் காசு. கத்தரிக்காய் அழுகி இருந்தாலும் இல்லாட்டியும் கழிவுதான், பூசணிக்காய்க்கு என்ன கழிவு எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல. எல்லாச் சந்தையும் அப்பிடி எண்டு சொல்லேல்ல, ஆனா கன இடத்தில நடக்குது, கேட்டா வழமை எண்டுவினம். இதுக்கு உலக வங்கி தேவையில்ல, கொழும்பில இருந்து அமைச்சர் வரத் தேவையில்ல. ஊர்ச் சந்தையள் கூடுதலா பிரதேச சபையளுக்குக் கீழதான் இருக்கு, குத்தகைக்குக் குடுக்கிறதும் அவைதான், குத்தகை ஒப்பந்தத்தில ஒரு வரி எழுதி, தராசுக்குப் பக்கத்தில ஒராள விட்டா முடிஞ்சுது. 2025 மே மாசம் உள்ளூராட்சித் தேர்தலுக்குக் கும்பிட்டுக்கொண்டு வோட்டுக் கேட்டு வந்தவையில உங்கட சொந்தக்காரரும் ஒராள் இருப்பார், போன் எடுத்துக் கேளுங்கோ. நான் எங்கட மச்சானிட்டக் கேட்டனான், மெசேஜப் பாத்திட்டார், பதில் இன்னும் போடேல்ல.