என் கம்பியின் வால் உங்களை என்ன செய்தது?

ஞாயிறு பூசை முடிந்ததும் என் கிட்டாரின் தலையைப் படமெடுத்து, 'இப்படித்தான் கம்பி மாட்டக் கூடாது' என்று குரூப்பில் போட்டுச் சிரித்த தம்பிக்கு நன்றி. படத்தில் இருந்தது, கீயில் சுற்றியது போக நான் வெட்டாமல் சுருட்டி விட்டிருக்கும் கம்பியின் மிச்ச முனை, அதாவது வால்.

கம்பி மாட்ட ஒரே வழிதான் என்று யார் சொன்னது? சுருதி நிற்கிறதா, அவ்வளவுதான்.

நான் கம்பியின் ஒரு முனையில் இருக்கும் சின்னக் குண்டை, கிட்டாரின் உடம்பில் கம்பியைப் பிடிக்கும் பிரிட்ஜின் ஓட்டையில் விட்டு, அதை அடைக்கும் பின்னைச் செருகி, கம்பியை மேலே இழுத்துக்கொண்டே பின்னை அமுக்குவேன். குண்டு பலகைக்கு அடியில் போய் உட்காருவது விரலுக்கே தெரியும். மேலே தலையில், சுருதி ஏற்றும் திருகான கீயில் மறுமுனையை நுழைத்து, வளைத்துக் கம்பிக்கு அடியில் கொடுத்து மடக்கிவிட்டு முறுக்குவேன். தம்பி மடக்காமல் நேராக நுழைத்துச் சுற்றுகிறார். அதுவும் நிற்கும். நான் எப்போது நிற்காது என்றேன்?

ஆறு கம்பியையும் ஒன்றாகக் கழற்றினால் கழுத்து வளைந்துவிடுமாம். ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, பயம் புரிகிறது. ஆனால் ஃபிரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளை, தேய்க்கிறவர்கள் ஆறையும் கழற்றாமலா தேய்க்கிறார்கள்? ராயபுரத்து உப்புக்காற்றில் கம்பிக்கு அடியில் சேரும் பிசுக்கை வேறெப்படித் துடைப்பது?

சரி, வாலுக்கு வருகிறேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரம்பூரில் ரயில்வே வேலையில் இருந்த ஆங்கிலோ இந்திய அங்கிள். அப்போது எனக்கு 14 வயது, புதுக் கம்பிக்குக் காசில்லை. குண்டுக்குப் பக்கத்தில் அறுந்துபோனால், அந்தக் குண்டையே எடுத்து, மீதிக் கம்பியை அதில் கோத்து முறுக்கி மறுபடி மாட்டித் தருவார். குறைகிற நீளத்தை அந்த வால்தான் ஈடுகட்டும். 'வெட்டாதே மேன்' என்பார். இன்றுவரை வெட்டவில்லை.

இப்போதுதான் கம்பி தனியாகவே கிடைக்கிறதே, என்ன கஞ்சத்தனம் என்பீர்கள். கஞ்சத்தனம்தான், வைத்துக்கொள்ளுங்கள். குத்தும் என்பீர்கள். ஒருமுறை பக்கத்தில் நின்ற அக்காவின் சேலையைக் கிழித்தது உண்மை. அதற்குத்தான் சுருட்டி வைக்கிறேன், அந்தச் சுருளைத்தான் 'குருவிக் கூடு' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணே, ஏன் இப்படி விட்டிருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? வாராவாரம் நான் வாங்கித் தரும் டீயைக் குடிக்கும்போது வாய் வரத்தானே செய்கிறது! யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் அது முறை, பெரம்பூர் லைன் வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொண்டால் அது கூத்து. எங்கள் ஏரியாக்காரன் கையில் கிட்டார் இருந்தாலே உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, அந்த ஏரியாவிலேயே பிறந்த உங்களுக்கும்.

அன்றைக்குக் காணிக்கைப் பாட்டின் நடுவில் இரண்டாம் கம்பியின் சுருதி இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு கீயைத் திருகியது யார் என்று நான் படமெடுத்துப் போடவில்லை.