லைனிங் எவ்வளவு என்று இனி யாரும் கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூர் வளைகாப்பில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மறுபடி விவரிக்கவில்லை. வளையல் போடப் போனபோது "நீ அப்புறம் போடலாம்" என்று தட்டை நகர்த்தியதைக்கூட விட்டுவிடுகிறேன். "தினம் லோக்கல்ல தொங்கிண்டு போனா லைனிங் எங்கேருந்துடி வளரும்?" என்று அத்தனை பேர் முன்னால் மாமி கேட்டாரே, அதை என்னால் விட முடியவில்லை.

லைனிங் என்றால் கரு ஒட்டி வளர வேண்டிய கர்ப்பப்பையின் உட்சுவர். சோதனைக்குழாய் முறையில் குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் எனக்கு அது மெலிதாக இருக்கிறது. ரயிலில் போனதால் அது மெலியவில்லை. வேலைக்குப் போனதாலும் இல்லை. 2021-ல் கரு கலைந்தபோது எனக்கு டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, செய்தார்கள். சுரண்டிய இடத்தில் தழும்பு விழுந்து உட்சுவர் ஒட்டிக்கொண்டது. கர்ப்பப்பைக்குள் சின்னக் கேமரா விட்டு ஹிஸ்டிரோஸ்கோப்பி செய்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. சிலருக்குக் கர்ப்பப்பையில் டிபி வந்து போயிருக்கும். சிலருக்குக் காரணமே தெரியாது. இதில் எது அந்தப் பெண் செய்த தப்பு?

போன மாதம் லைனிங் வளர்வதற்கான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, 2 மி.கி. ப்ரோஜினோவா, மூன்று வேளையும் அலாரம் வைத்து விழுங்கினேன். பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். டாக்டர் திரையில் ஒரு புள்ளி வைத்தார், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் 6.4. லைனிங் மூன்று கோடுகளாகத் தெரிகிறது, அது நல்லதுதான், ஆனால் 7 மில்லிமீட்டராவது வந்தால் தேவலை என்றார். டோஸ் கூட்டி நாலு நாள் கழித்துப் பார்த்தால் 6.6. அந்த மாதம் டிரான்ஸ்ஃபர், அதாவது கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பது, வேண்டாம் என்றுவிட்டார். குர்லாவில் இறங்கி வண்டி மாறாமல் பிளாட்பார பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை வண்டி போனது என்று தெரியாது.

"நல்லதுக்குத்தானே சொன்னார்" என்பீர்கள். மாதுளையும் பீட்ரூட்டும் நானும்தான் சாப்பிடுகிறேன், பழம் சாப்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அதைச் சாப்பிட்டு 7 வரவில்லை என்றால் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆகிவிடுகிறதே, அதுதான் வலிக்கிறது. "டாக்டரே 7 கேட்கிறாரே" என்பவர்களுக்கு: 7-க்குக் கீழே இருந்தும் கரு தங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் அதே டாக்டர்தான். கருவை ஏற்கக் கர்ப்பப்பையைத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை எப்போது தொடங்கலாம் என்று பார்க்கத்தான் அந்த அளவு. என்னை அளக்க அல்ல.

போன வருடம் ஒரு டிரான்ஸ்ஃபர் நடந்து தங்காமல் போனது. அப்போதும் "படுத்தே கிடந்திருக்கணும்" என்றார்கள். எழுந்து நடந்தால் கரு கீழே விழுந்துவிடாது. எத்தனை முறை சொல்வது?

இன்னொன்று. என் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் ஐசிஎஸ்ஐ செய்தது அதனால்தான். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரும் அதே லோக்கலில்தான் தொங்கிக்கொண்டு போகிறார். அந்த வளைகாப்பில் பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒருவராவது எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டீர்களா? கேட்க வேண்டாம், கேட்கவே கூடாது. என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

நான் வேலை பார்க்கும் இதே பரேலில், கே.இ.எம். மருத்துவமனையில், 1986 ஆகஸ்ட் 6 அன்று ஹர்ஷா சோதனைக்குழாய்க் குழந்தையாகப் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கே இன்று நாற்பது வயதை ஒட்டி ஆகிறது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நாம் இன்னும் உடம்புச் சூடு, ரயில் குலுக்கல் என்றுதான் பேசுகிறோம். என் அம்மாகூடத்தான். நேற்று போனில் "மாமி சொன்னதுலயும் கொஞ்சம் இருக்கோ என்னமோ" என்றாள். போனை வைத்துவிட்டேன். மாமி சொன்னதைவிட அதுதான் அதிகம் சுட்டது.

எங்கள் இரண்டு எம்ப்ரியோக்களும், அதாவது உறையவைத்த கருக்களும், மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு மாதம் தள்ளிப்போனதால் அவை கெட்டுவிடாது. அடுத்த முறை மாத்திரை இல்லாமல் இயற்கையான மாதவிடாய்ச் சுழற்சியில் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் தேதியை இந்த முறை யாருக்கும் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கும்தான்.