கழுவ வேண்டிய கால்கள்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் பன்னிரண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். யாருடைய கால்களைக் கழுவுவது என்று முடிவெடுக்கும் இடத்திலேயே ஒரு பங்கின், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபையின், தாழ்ச்சி தெரிந்துவிடும். நம் கடற்கரையில் நான் பார்த்த கோயில்கள் பலவற்றில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் பங்கை நடத்தும் பேரவையின் உறுப்பினர், அன்பியம் என்ற தெருக்குழுவின் பொறுப்பாளர், திருவிழாவுக்கு அள்ளிக் கொடுத்த சம்மாட்டி (படகு முதலாளி) என்று நிரம்பிவிடுகின்றன. எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கால் கழுவி, சலவை வேட்டியோடு வருகிறார்கள். சாமியார் அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறார். பரிவட்டம் கட்டுவதுபோல இதுவும் ஒரு முதல் மரியாதையாகிவிட்டது.

இயேசு கழுவியது புழுதியில் நடந்து வந்த கால்களை. அந்தக் காலத்தில் அது அடிமையின் வேலை. சீடர் பேதுரு பதறியதும் அதனால்தான். காட்டிக்கொடுத்த யூதாசும் அப்போது பந்தியில்தான் இருந்தான். அவன் எழுந்து போனது கால் கழுவிய பிறகு. இதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை.

ராமேஸ்வரத்தை அடுத்த பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற பாசிகளைப் பறிக்கிறவர்கள். பாறையும் பவளமும் கிழித்த தழும்பு இல்லாத பாதம் அவர்களிடம் அரிது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாகி, அங்கே நுழையத் தடை வந்த பிறகு, பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்கே பயந்து பயந்து போக வேண்டிய நிலை. ஜெல்லியிலும் ஐஸ்கிரீமிலும் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் அகர் அவர்கள் பறிக்கும் பாசியிலிருந்து வருகிறது. பூசைக்கு வந்தால் கடைசி வரிசைக்கும் பின்னால் தரையில் உட்காருவார்கள்.

"பெண்கள் காலைக் கழுவ முறை இல்லை" என்று இனி யாரும் தப்பிக்க முடியாது. 2016 ஜனவரியில் ரோமிலிருந்து வந்த ஆணை ஆண், பெண், இளையோர், முதியோர், நோயாளிகள் என எல்லோரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2013-இல் பதவியேற்ற சில நாட்களிலேயே போப் பிரான்சிஸ் சிறார் சிறைக்குப் போய், இஸ்லாமியப் பெண் ஒருவர் உட்பட அங்கிருந்தவர்களின் கால்களைக் கழுவினார். பன்னிரண்டு பேர்தான் வேண்டும் என்றும் சட்டமில்லை.

நமக்கு ரோம்வரைகூடப் போக வேண்டியதில்லை, ராமநாதபுரம் பக்கத்து ஓரியூர் போதும். அங்கே உயிர்விட்ட போர்ச்சுக்கீசிய மறைபரப்பாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். மேல்சாதியாரோடு மட்டும் பழகும் சந்நியாசிக் கோலத்தை விட்டு, ஒடுக்கப்பட்டவர்களிடமும் போகக்கூடிய பண்டாரசுவாமி கோலத்தை எடுத்தார். இடையில் லிஸ்பன் போனபோது அங்கேயே தங்கும்படி அரசர் கேட்டும் நிற்காமல் மறவநாட்டுக்குத் திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டினார்கள். அவர் இரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை எடுத்துப் பூசிக்கொள்கிறோம். அவர் யாரிடம் போனார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

சேவை என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் அரிசிப் பை கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வாங்குகிறவர் பையைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற கட்டளை, வாட்ஸப் குழுவுக்குள் நுழைந்ததும் காலாவதியாகிவிடுகிறதோ?

பாசி எடுக்கும் இந்தப் பெண்களின் கால்களைக் கழுவலாம் என்று நான் சொன்னபோது பேரவைப் பெரியவர் ஒருவர், "அந்த அக்காமார் கூச்சப்படுவார்கள், வரமாட்டார்கள்" என்றார். உண்மைதான், கூச்சப்படுவார்கள். பேதுருவும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். அதற்காக ஆண்டவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியர் வீட்டுக்குப் போய்விடவில்லை. கூச்சத்தைப் போக்க வேண்டியது நாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலேயே அந்தப் பெண்கள் கரையேறும் நேரத்துக்குப் போய், உட்கார்ந்து பேசி, அழைக்க வேண்டும். அடையாள அட்டைக்கு மனு எழுதித் தர வேண்டியிருந்தால் அதையும் எழுதித் தர வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். நாற்காலி போய்விடுமே என்று வருத்தப்படுகிற சம்மாட்டிமாருக்கும் வேலை இருக்கிறது: தண்ணீர்ச் செம்பையும் துண்டையும் அவர்கள் ஏந்தி வரட்டும்.