கேள்வி கேட்டால் அவிசுவாசியா?

நம் சபையின் ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வேதாகமத்தின் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன் வருகிறான், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள் வருகின்றன, ஏன் என்று ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை கேட்டாள். வேதத்தை ஊன்றி வாசிக்கிறவளுக்குத்தான் அந்தக் கேள்வியே வரும். கிடைத்த பதில், "அவிசுவாச ஆவி". அவள் அழுதுகொண்டே வெளியே போகிறாள், இங்கே அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி கேட்பது அவிசுவாசம் அல்ல. பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து என்ன செய்தார்? அவர்கள் பேசுகிறதைக் கேட்டார், அவர்களை வினாவினார். லூக்கா எழுதியிருக்கிறார். அப்போஸ்தலன் பவுல் சொன்னதே சரிதானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்த பெரோயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் நடபடிகள் நற்குணசாலிகள் என்கிறது. பவுலையே சோதித்துப் பார்க்கலாம், நம் போதகரைக் கேட்கக் கூடாதா?

"காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்று கமெண்டில் போட வருவீர்கள், தெரியும். அதற்கு முந்தைய வசனங்களையும் வாசியுங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததைச் சந்தேகப்பட்ட சீஷன் தோமாவிடம் எட்டு நாள் கழித்து இயேசுவே வந்து, "உன் விரலை இங்கே நீட்டி, என் கைகளைப் பார்" என்றார். வாயை மூடு என்று சொல்லவில்லை. அந்தத் தோமாவின் பெயரில்தான் மயிலாப்பூரில் பேராலயம் நிற்கிறது.

மரியாதையாகக் கேட்டிருக்கலாம் என்கிறார்கள். எழுந்து நின்று, 'ஐயா' என்று சொல்லித்தான் கேட்டாள். போதுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு ஜெபக்கூட்டத்தில், "சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை போடுவது அவிசுவாசம்" என்றார்கள். அப்பா மாத்திரை அட்டையை அலமாரியில் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்ற அம்மாவுக்கும் இதே பட்டம்தான். கால் விரலில் புண் வந்து, கறுத்து, வெட்டி எடுத்தார்கள். அந்த ஊழியக்காரர் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அப்பாவின் காலுக்காக ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று எழுதியது பவுல். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடருக்கு விசுவாசம் இல்லையா? அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மாவை ஒரு கேள்வி கேட்க விட்டிருந்தால் அப்பாவுக்கு அந்த விரல் இருந்திருக்கும்.

சபைப் பெரியவர்களே, அந்தப் பிள்ளை தானாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.