ஃப்ரிட்ஜ் என்றே வைத்துக்கொள்வோம்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, டொயோட்டா கரோலா காரைக் கிண்டலடிக்கும் ஒரு வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. "உங்க வண்டியைப் பத்திப் பேசியிருக்கார், பார்த்தீங்களா" என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. பார்த்தேன், இரண்டு தடவை. வீடியோ போட்ட தம்பி நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் நடுவில், "கரோலாவா? அது கார் இல்லீங்க, சக்கரம் வச்ச ஃப்ரிட்ஜ். அம்பது வருஷமா ஒண்ணையே பெயின்ட் அடிச்சு வித்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாரே, அதை என்னால் விட முடியவில்லை.

ஒன்றையேவா? ஒவ்வொன்றும் புதிதாக வடிவமைத்த பன்னிரண்டு தலைமுறை தம்பி. பன்னிரண்டு.

1966 நவம்பரில் முதல் கரோலா வந்தது. அதற்குத் தலைமைப் பொறியாளராக இருந்தவர் தட்சுவோ ஹசேகவா. போர்க்காலத்தில் தச்சிகாவா நிறுவனத்தில் விமானம் வடிவமைத்தவர். போரில் தோற்றபின் ஜப்பானில் விமானம் செய்யவே தடை. அந்த மனுஷர் டொயோட்டாவுக்கு வந்தார். கரோலாவுக்கு முன்னால் பப்ளிகா என்று ஒரு சின்னக் கார். விலையைக் குறைக்க ரேடியோ, ஹீட்டர் எதுவும் இல்லாமல் மொட்டையாக விற்றார்கள். எதிர்பார்த்த அளவு போகவில்லை. காசு குறைவாக இருக்கிறவனுக்கும் தன் வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும் அல்லவா? அந்த அடியில் கற்றுக்கொண்டதைத்தான் ஹசேகவா கரோலாவில் வைத்தார். எல்லாப் பாடத்திலும் 80 மார்க் வேண்டும், ஒன்றில்கூடப் பின்தங்கக் கூடாது. அதுவும் போதாது, சிலவற்றில் 90ஐத் தாண்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. போட்டிக் காரான நிஸான் சன்னி 1000 சிசி என்று தெரிந்ததும், கடைசி நேரத்தில் எஞ்சினை 1077 சிசி ஆக்கினார்கள். பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த எஞ்சினை 20 டிகிரி சாய்த்து உட்கார வைத்தார்கள். 1970இல் சன்னிக்காரர்கள் 1200 சிசியோடு வந்து, பக்கத்து வண்டி சின்னதாகத் தெரியும் என்று விளம்பரம் போட்டார்கள். அதே வருடம் மே மாதம் இரண்டாவது தலைமுறை கரோலா வந்துவிட்டது. பெயின்ட் அடித்து விற்கிறவர்களுக்கு இத்தனை பாடு எதற்கு?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பாதி படித்தது, பாதி அப்பா சொன்னது. அப்பா 1982இல் மஸ்கட் போனார். வாதி கபீரில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். 2001இல் திரும்பி வரும்வரை அவர் கையில் அதிகம் புரண்ட வண்டி கரோலாதான். அவருக்கு வருடக் கணக்கெல்லாம் வண்டிக் கணக்குதான். "உன் தங்கச்சி பிறந்தது முன்வீல் வண்டி வந்த சமயம்" என்பார். சரியாகத்தான் இருக்கும். 1979இல் வந்த நாலாவது தலைமுறை வரை கரோலா செடானுக்குப் பின்சக்கரம்தான் இழுவை. 1983இல் வந்த ஐந்தாவது தலைமுறையில் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து முன்சக்கரத்துக்கு மாற்றினார்கள். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக வண்டிக்கு அடியில் நீளமாக ஓடிய ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போய்விட்டது. அப்பா அதை ஒரு கடிதத்தில் படமாகவே வரைந்து அனுப்பியிருந்தார். நீலநிற ஏர்மெயில் தாள், பால்பாயின்ட் பேனா, ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. "பத்து வருஷம் கத்துக்கிட்டதைப் பாதி மறக்கணும்" என்று அதன் கீழே எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றுமே மாறாத வண்டிக்காகவா ஒரு மெக்கானிக் தொழிலை மறுபடி கற்றுக்கொண்டார்?

"ஆனாலும் ஓட்ட போர்தானே" என்று வருவீர்கள். செடான் முன்சக்கரத்துக்குப் போன அதே 1983இல் கூபே என்ற ஸ்போர்ட்ஸ் வகையை மட்டும் பின்சக்கர இழுவையிலேயே விட்டார்கள். அதன் குறியீடு ஏஇ86. 1587 சிசி, 16 வால்வு. மலைப்பாதையில் வண்டியை வழுக்கவிட்டுத் திருப்பும் பையன்கள் இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறார்கள். அதன் மேலும் கரோலா என்றுதான் பெயர் இருந்தது. வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1991இல் வந்த ஏழாவது தலைமுறை, ஜப்பானில் பணம் புரண்ட நாட்களில் திட்டமிட்டது. அதன் கதவைச் சாத்தும் சத்தத்தை அப்பா வாயாலேயே செய்து காட்டுவார், "தப்" என்று. அப்புறம் அங்கே பொருளாதாரம் விழுந்தது. 1995இல் வந்த எட்டாவதில் செலவைக் குறைத்தது அப்பட்டமாகத் தெரிந்தது. அப்பாவுக்கே அதைப் பிடிக்காது. 2010இல் அமெரிக்காவில் ஆக்சிலரேட்டர் பெடலுக்காகத் திரும்ப அழைத்த வண்டிகளில் கரோலாவும் இருந்தது. 2024இல் ஜப்பானில் சான்றிதழ் சோதனை முறைகேட்டில் கரோலா ஆக்சியோ பெயரும் வந்தது. தப்புதான். தப்பு செய்தவர்களைத் திட்டுங்கள், நானும் திட்டுகிறேன். அதற்கும் "ஃப்ரிட்ஜ்" என்று சிரிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

"கம்பெனிக்காரன் உனக்கு எவ்வளவு கொடுத்தான்" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். எனக்கு யாரும் கொடுக்கவில்லை ஐயா. நான்தான் கொடுத்தேன். 2012இல், ஆறு வருடம் ஓடிய 1.8 லிட்டர் பெட்ரோல் வண்டியைச் சேமிப்பை எல்லாம் வழித்துப் போட்டு வாங்கினேன். நம் ஊரில் 2003இலிருந்து 2020 வரை மூன்று தலைமுறைகள்தான் விற்றார்கள். என்னுடையது அதில் முதலாவது, கரோலாவின் ஒன்பதாவது. மைலேஜ் குறைவு, பாகங்கள் விலை அதிகம் என்பீர்கள். ஆமாம். தெரிந்தேதான் வாங்கினேன். வண்டி வந்த அன்று அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் அடுத்தவன் கரோலாவுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவர், அன்றைக்குத்தான் சொந்தக் கரோலாவின் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

1997இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரைத் தாண்டி, உலகத்தில் அதிகம் விற்ற பெயர் கரோலா ஆனது. 2021இல் 5 கோடி வண்டிகளைத் தாண்டிவிட்டது. அந்த 5 கோடியும் ரசனை கெட்ட கூட்டமா? காலையில் சாவியைத் திருகினால் கிளம்ப வேண்டும், வழியில் நின்று பிள்ளைகளோடு ரோட்டோரத்தில் தவிக்கக் கூடாது என்று நினைப்பவர்கள். அதற்கு மேல் செலவழிக்கக் காசில்லாதவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. எனக்கு வலித்தது அங்கேதான்.

சரி, ஃப்ரிட்ஜ் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது 1990இல். அதற்கு முன்னால் பாட்டியின் இன்சுலின் பாட்டில் எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும். தினமும் காலை ஆறரை மணிக்கு நான் போய் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். அவர்கள் நல்லவர்கள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவர்கள் எழுந்து கதவைத் திறந்தால்தான் பாட்டிக்கு ஊசி, ஊசி போட்டால்தான் இட்லி. வெளியூர் போகிற நாட்களில் முந்தின இரவே வாங்கி வந்து, ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்துவிட்டு அம்மா தூங்காமல் கிடப்பாள். அப்பா மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வந்து இறங்கிய அன்று, பாட்டி அதன் கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். உள்ளே அந்த ஒரு பாட்டில் மட்டும்தான் இருந்தது. கரோலா பழுது பார்த்த காசில் வந்த ஃப்ரிட்ஜ் அது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை.

அப்பாவுக்கு இப்போது 73 வயது. இன்று காலையும் துணியை நனைத்துப் பிழிந்து பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாட்ஸாப் நம்பர் உங்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. எனக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் அந்த வீடியோவை அனுப்புங்கள். தயவுசெய்து அவருக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.